பழைய ஜூனியர் 60 மாதிரி விமானத்தை மின் மோட்டாரில் பறக்கவிடுவது: முழுமையான வழிகாட்டி

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஜூனியர் 60. ஆல்பர்ட் ஹாட்ஃபுல் வரைந்து, பிரிட்டனின் கீல்கிராஃப்ட் நிறுவனம் 1946-இல் வெளியிட்ட விமானம். இறக்கையின் முழு நீளம் 60 அங்குலம். ரேடியோ இல்லாமல் தானாகவே பறப்பதற்காக வரையப்பட்டது. மூக்கில் பெட்ரோல் எஞ்சின். நாமோ அதை ரேடியோவில் இயக்கி, மின் மோட்டாரில் பறக்கவிடப் போகிறோம். ஆகவே நமக்கு வேலை இரண்டு. வாலில் அசையும் பாகங்கள் வர வேண்டும், மூக்கில் எஞ்சின் இருந்த இடத்துக்கு மோட்டாரும் பேட்டரியும் வர வேண்டும்.

இந்த இரண்டையும் வரைபடத் தாளிலேயே தீர்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். கூட்டை அழகாக முடித்துவிடுகிறார்கள், அப்புறம் மோட்டார் வாங்கப் போகிறார்கள். வந்து பார்த்தால் பேட்டரி உள்ளே போகாது, அல்லது போனது வெளியே வராது. வால் கனத்து, மூக்கில் ஈயம் கட்ட வேண்டியிருக்கும். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காகவே. அதே காலத்து வேறு பழைய விமானங்களுக்கும் இது பொருந்தும். அளவுகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் மோட்டார், பேட்டரி, பிறகுதான் மரம்

கணக்கை எடையிலிருந்து தொடங்குங்கள். கவனமாகக் கட்டினால் ஜூனியர் 60 எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1.7 கிலோவில் நிற்கும். இந்த மாதிரி மெதுவான, அகலமான இறக்கை உள்ள விமானத்துக்குக் கிலோவுக்கு 120 முதல் 140 வாட் தாராளம். ஆக 220 வாட் போதும். 3எஸ் லிப்போ பேட்டரி (மூன்று செல் கொண்ட லித்தியம் பாலிமர்) சுமையில் ஏறக்குறைய 11 வோல்ட் தரும், அதாவது 20 ஆம்பியர். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான ஈ.எஸ்.சி. 40 ஆம்பியர் வாங்குங்கள். பாதிச் சுமையில் வேலை செய்யும் ஈ.எஸ்.சி. சூடாகாது, மூடிய மூக்குக்குள் அது முக்கியம்.

மோட்டார் 3536 அளவில் (வெளி விட்டம் 35 மி.மீ., நீளம் 36 மி.மீ.), 900 கேவி அருகே. கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. அது அதிகமாக இருந்தால் பலம் அதிகம் என்று நினைத்து 1,400 கேவி வாங்குபவர்கள் உண்டு. அதற்குச் சின்ன ப்ரொப்பெல்லர்தான் போட முடியும். மெதுவான விமானத்துக்கு வேண்டியது பெரிய ப்ரொப்பெல்லர், நிதானமான சுற்று, 11×5.5 அல்லது 12×6 சரியாக வரும் (முதல் எண் விட்டம், அடுத்தது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில்). இன்னொன்று: சில நிறுவனங்கள் மோட்டாரின் வெளி அளவைப் பெயராக வைக்கின்றன, சில உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் (சுழலாத கம்பிச்சுருள் பகுதி) அளவை வைக்கின்றன. எண்ணை மட்டும் பார்க்காமல் எடையைப் பாருங்கள். 100 முதல் 120 கிராம் வரை இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

பேட்டரி 3எஸ் 2,200 மில்லி ஆம்பியர் மணி, எடை 190 கிராம் அளவில். மிதமான வேகத்தில் 8 ஆம்பியர் இழுத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பறக்கலாம். இவற்றோடு வால் பாகங்களை அசைக்கும் இரண்டு சர்வோ, ரேடியோ சைகையை வாங்கும் ரிசீவர் எல்லாவற்றையும் கையில் வாங்கி, சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை வரைபடத்தின் ஓரத்தில் எழுதுங்கள்.

2. வரைபடத்தைச் சரிபார்த்துத் திருத்துவது

பழைய வரைபடங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு அச்சாகி வருபவை. நீளவாக்கில் சரியாக இருந்து குறுக்குவாக்கில் இழுத்திருக்கலாம். இரண்டு திசையிலும் அளவுகோல் வைத்துப் பாருங்கள். 60 அங்குலம் என்றால் 1,524 மி.மீ. பாதி இறக்கைக்கு 762. அதோடு, வரைபடத்தில் குறித்த ரிப் (இறக்கையின் குறுக்கு விலா) தடிமன் உங்கள் கையில் உள்ள பலகைக்கு ஒத்து வருகிறதா என்றும் பாருங்கள். பழைய தாள்கள் அங்குலத்தில் இருக்கும், இன்று கிடைக்கும் பலகை மில்லிமீட்டரில் வரும். ஒரு வெட்டுப் பள்ளத்தில் கால் மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை, முப்பது பள்ளத்தில் சேர்ந்தால் கோணல்.

ஒரு இறக்கை மட்டும் வரைந்திருந்தால் மற்றதைக் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். தாளில் எண்ணெய் தடவி மறுபக்கம் கோடு தெரியச் செய்வது பழைய வழி, அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

பிறகு சிவப்புப் பென்சிலால் நான்கைக் குறியுங்கள்: மூக்கில் மோட்டாரை மாட்டும் பலகையான ஃபயர்வால் நிற்கும் கோடு, பேட்டரி முன்னும் பின்னும் நகரும் எல்லை, சர்வோ இடம், வாலில் கீல் வரும் கோடு. இந்த நான்கும் தாளில் வந்த பிறகு மரம் வெட்டலாம்.

3. மரத்தை எடை பார்த்து வாங்குவது

பால்சா என்ற லேசான மரம் ஒரே மாதிரி இருக்காது. 3 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளம் உள்ள பலகை ஒன்று 30 கிராமும் இருக்கும், 60 கிராமும் இருக்கும். 35 முதல் 45 கிராம் வரை உள்ளவை ரிப்புகளுக்கு. கனமான, கெட்டியான குச்சிகளை இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதன்மைக் குச்சியான ஸ்பாருக்கும் உடலின் நீளக் குச்சிகளுக்கும் ஒதுக்குங்கள். இருப்பதிலேயே லேசானது வாலுக்கு.

காரணம் நெம்புகோல். சமநிலைப் புள்ளியிலிருந்து வால் இருக்கும் தூரம் மூக்கின் தூரத்தைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு. வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 25, 30 கிராம் கூட்டித்தான் ஈடு செய்ய முடியும்.

4. உடல்

இரு பக்கச் சட்டங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டுங்கள், நடுவில் பாலிதீன் தாள். அப்போதுதான் இரண்டும் அச்சாக ஒத்திருக்கும். நீளக் குச்சிகளை எடுக்கும்போது நான்கையும் கையில் வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டிக் குச்சியும் மறுபக்கம் மெல்லிய குச்சியும் போனால், வாலை ஒன்று சேர்க்கும்போது உடல் வாழைப்பழம்போல் வளைந்துவிடும். அதைப் பிறகு நிமிர்த்த முடியாது.

உள்பக்கம் ஒட்டும் மெல்லிய பிளைவுட் துண்டுகளை ஒட்டுமுன் இரு சட்டங்களையும் புத்தகம் திறந்ததுபோல் மேசையில் விரித்து, இரண்டிலும் 'உள்ளே' என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு இடது பக்கங்களைக் கட்டியவர்கள் நிறையப் பேர்.

சேர்க்கும்போது கேபின் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அங்கே இரு பக்கமும் இணையாக ஓடுவதால் மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்க முடியும். அது காய்ந்த பிறகுதான் வால் முனையை இழுத்து ஒட்ட வேண்டும். வெள்ளைப் பசை போதும். மெதுவாகக் காய்வதால் திருத்த நேரம் கிடைக்கும். சி.ஏ. பசை (உடனே பிடிக்கும் சயனோஅக்ரிலேட்) வேகமானது, ஆனால் கோணலையும் அதே வேகத்தில் நிரந்தரமாக்கிவிடும்.

5. மூக்கு: மாற்றத்தின் மையம்

வரைபடத்தில் எஞ்சினைத் தாங்க இரண்டு கடின மரத் தண்டுகள் நீண்டிருக்கும். அவை வேண்டாம். அவற்றுக்குப் பதில் 6 மி.மீ. பிளைவுட்டில் ஒரு ஃபயர்வால் வருகிறது. மோட்டாரை அதன் முகத்தில் நான்கு போல்ட்டில் மாட்டப்போகிறோம்.

ஃபயர்வால் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பின்னாலிருந்து கணக்கிடக் கூடாது. வரைபடத்தில் ப்ரொப்பெல்லர் உட்காரும் கோட்டைக் கண்டுபிடியுங்கள். மோட்டாரை அதன் தாங்கியோடும் ப்ரொப்பெல்லர் அடாப்டரோடும் சேர்த்து அளந்து, அந்த நீளத்தை அந்தக் கோட்டிலிருந்து பின்னே எண்ணுங்கள். 50 மி.மீ. என்றால், ஃபயர்வால் 50 மி.மீ. பின்னே. இப்படிச் செய்தால் மூக்கின் பழைய தோற்றம் அப்படியே இருக்கும்.

அடுத்தது கோணம். மோட்டார் 3 டிகிரி கீழ்நோக்கியும் 2 டிகிரி வலப்புறமாகவும் பார்க்க வேண்டும். இந்த விமானத்தின் இறக்கை வேகம் கூடினால் உடனே தூக்கும். கீழ்நோக்கிய கோணம் இல்லாவிட்டால் த்ராட்டில் (மோட்டாரின் வேகம்) கொடுத்ததும் மூக்கு வானத்தைப் பார்க்கும். வலக்கோணம், ப்ரொப்பெல்லர் விமானத்தை இடப்பக்கம் இழுப்பதற்கு ஈடு. 60 மி.மீ. உயரமுள்ள ஃபயர்வாலில் 3 டிகிரி என்பது மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 3 மி.மீ. முன்னே நிற்பது. அதே அகலத்தில் 2 டிகிரி என்றால் இடது விளிம்பு 2 மி.மீ. முன்னே. இடம், வலம் எல்லாம் பின்னாலிருந்து பார்க்கும் விமானியின் கணக்கு. மேசையில் மூக்கு உங்களைப் பார்த்துக் கிடக்கும்போது இது தலைகீழாகிவிடும். ஆகவே ஃபயர்வாலின் மேலேயே 'மேல்', 'இடம்' என்று எழுதிவையுங்கள்.

கோணம் கொடுத்தால் மோட்டாரின் முனை நடுவிலிருந்து விலகும். அதைச் சரிக்கட்ட, போல்ட் துளைகளின் மையத்தை ஃபயர்வாலில் 2.6 மி.மீ. மேலேயும் 1.7 மி.மீ. இடப்பக்கமும் தள்ளிப் போடுங்கள். அப்போது ப்ரொப்பெல்லர் மூக்கின் நட்டநடுவில் வந்து நிற்கும்.

துளையிட்டு, டி-நட்டுகளை (மரத்தில் பதியும் நட்டுகள்) பின்பக்கம் அடித்து, மோட்டாரை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஃபயர்வாலை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு பின்னால் கை போகாது. ஒட்டுவதற்கு எபாக்ஸி, உள்மூலை நான்கிலும் முக்கோணக் குச்சி. வெறும் விளிம்பை மட்டும் ஒட்டிய ஃபயர்வால் ஒரு கடினமான தரையிறக்கத்தில் மோட்டாரோடு கழன்றுவிடும்.

பேட்டரித் தட்டு ஃபயர்வாலுக்கும் கேபினுக்கும் நடுவில். 2 மி.மீ. பிளைவுட், மேலே வெல்க்ரோ, சுற்றிக் கட்ட ஒரு பட்டை. இரண்டும் வேண்டும், வெல்க்ரோ மட்டும் வெயிலில் பசை இளகி நகரும். தட்டு பேட்டரியைவிடக் குறைந்தது 50 மி.மீ. நீளமாக இருக்கட்டும். 190 கிராம் பேட்டரியை 40 மி.மீ. முன்னே தள்ளினால் 1.7 கிலோ விமானத்தின் சமநிலைப் புள்ளி நாலரை மி.மீ. நகரும். ஈயம் இல்லாமல் சரிசெய்ய உங்களுக்குக் கிடைக்கும் இடம் இதுதான்.

பேட்டரியை எடுக்க ஒரு மூடி, கண்ணாடிக்கு முன்னால் மூக்கின் மேல்பக்கம். இறக்கையைக் கழற்றிப் பேட்டரி மாற்றும் ஏற்பாடு வேண்டாம். ஒவ்வொரு முறையும் ரப்பர் பேண்டைக் கழற்றும்போது இறக்கை கொஞ்சம் இடம் மாறி உட்காரும், ட்ரிம் (விமானம் தானாக நேராகப் பறக்கச் செய்த சீரமைப்பு) மாறும். தவிர, பேட்டரியை இணைத்த பிறகு ப்ரொப்பெல்லர் உயிரோடு இருக்கிறது. அந்த நிலையில் விமானத்தின்மேல் குனிந்து இறக்கை கட்டுவது ஆபத்து.

கடைசியாகக் காற்று. முன்னால் உள்ளே வர ஒரு வழி, பின்னால் வெளியே போக அதைப்போல் ஒன்றரை மடங்கு பெரிய வழி. வெளியேறும் வழி சின்னதாக இருந்தால் காற்று உள்ளேயே தேங்கி எதையும் குளிர்விக்காது. வெளியேறும் துளையை உடலின் அடியில், இறக்கைக்குப் பின்னால் வைக்கலாம்.

6. வால்

கிடைவாலின் பின்பகுதியில் நான்கில் ஒரு பங்கு அகலத்தை எலிவேட்டராக (மூக்கை ஏற்றி இறக்கும் பாகம்) பிரியுங்கள், செங்குத்து வாலில் ரட்டருக்கு (இடம் வலம் திருப்பும் பாகம்) இன்னும் கொஞ்சம் தாராளமாக. இது ஐலரான் (இறக்கையில் அசையும், விமானத்தைச் சாய்க்கும் பாகம்) இல்லாத விமானம், திருப்பம் முழுவதும் ரட்டரின் பொறுப்பு. கீல் கோட்டின் இரு பக்கமும் புதிதாக ஒவ்வொரு குச்சி சேர்த்தால்தான் கீல் பிடிக்கும். எலிவேட்டரின் இரு பாதிகளையும் ஒரு கம்பியோ கடினக் குச்சியோ வைத்து இணையுங்கள்.

சர்வோக்கள் கேபினில், எவ்வளவு முன்னே முடியுமோ அவ்வளவு முன்னே. வால்வரை நீளும் தள்ளுகம்பி நடுவில் வளையாமலிருக்க இரண்டு இடத்தில் தாங்கல் கொடுங்கள்.

7. இறக்கை

சமதளப் பலகையில் கட்டுங்கள். பலகை கோணலாக இருந்தால் இறக்கையும் அப்படியே. வரைபடத்தில் உள்ள டைஹெட்ரலை (இறக்கை முனைகள் மேல்நோக்கி நிற்கும் கோணம்) குறைக்காதீர்கள். தட்டையாக இருந்தால் நவீனமாகத் தெரியும் என்று குறைப்பவர்கள் உண்டு. ரட்டர் கொடுக்கும்போது விமானம் சாய்ந்து திரும்புவதே அந்த V வடிவத்தால்தான். அது குறைந்தால் விமானம் மூக்கை மட்டும் திருப்பிக்கொண்டு நேராகவே போகும்.

நடு இணைப்பில் ஸ்பாரின் முன்னும் பின்னும் 3 மி.மீ. பிளைவுட் பட்டை, எபாக்ஸியில். இறக்கை ஒடிந்தால் பெரும்பாலும் இங்கேதான் ஒடியும்.

இரு முனைகளிலும் பின்விளிம்பை 3 மி.மீ. உயர்த்திக் காயவிடுவது நல்லது. வேகம் மிகக் குறையும்போது முனைக்கு முன்னால் நடுப்பகுதி தூக்கும் திறனை இழக்கும், விமானம் ஒரு பக்கம் கவிழாமல் நேராக மூக்கைத் தாழ்த்தும். இரு முனையும் ஒரே அளவில் உயர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

8. உறை போடுமுன் ஒரு சமநிலைச் சோதனை

பலர் தாண்டிப்போகும் படி இது. எலும்புக்கூடாக இருக்கும்போதே எல்லாவற்றையும் கூட்டுங்கள்: மோட்டார், ப்ரொப்பெல்லர், ஈ.எஸ்.சி., பேட்டரி, சர்வோ, சக்கரம், ரப்பர் பேண்ட் போட்ட இறக்கை. இறக்கையின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இரு விரலால் தூக்குங்கள்.

மூக்கு கொஞ்சம் தாழ்ந்து நின்றால் நல்லது, ஏனெனில் உறை வாலிலும் எடை சேர்க்கும். வால் தாழ்ந்தால் இப்போதே சர்வோவை முன்னே நகர்த்தலாம், பேட்டரித் தட்டை நீட்டலாம், அடுத்த அளவுப் பேட்டரிக்கு இடம் வெட்டலாம். உறை போட்ட பிறகு மிச்சமிருப்பது ஈயம் ஒன்றுதான்.

9. உறை

எஞ்சின் விமானத்துக்கு எரிபொருள் ஊறாத கனமான பூச்சு தேவை. நமக்கு அது தேவையில்லை, அதில் மிச்சமாகும் எடையை விட்டுவிடாதீர்கள். மெல்லிய இஸ்திரி ஃபிலிம் எளிது. குறைந்த சூட்டில் விளிம்புகளை ஒட்டி, பிறகு சூட்டைக் கூட்டிச் சுருக்குங்கள். அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு. இணைப்பு மேலிருந்து பார்த்தால் தெரியாது.

பழைய தோற்றம் வேண்டும் என்றால் டிஷ்யூ தாளும் டோப்பும் (தாளை இறுக்கும் பூச்சு). எனக்கு இந்த விமானத்தில் அதுதான் பிடிக்கும். ரிப்புகள் வெளிச்சத்தில் தெரியும் அழகு ஃபிலிமில் வராது. ஆனால் டோப் காயும்போது இழுக்கும். இறக்கையைப் பலகையில் குத்திவைத்தே காயவிடுங்கள். முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முறுக்கு இருந்தால் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துச் சூடு காட்டி எடுத்துவிடலாம்.

10. வயரிங், தரைச் சோதனை

வயர் நீளம் போதவில்லை என்றால் மோட்டாருக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவில் உள்ள மூன்று வயர்களை நீட்டுங்கள். பேட்டரிப் பக்கத்தை நீட்டாதீர்கள். அங்கே வயர் நீண்டால் மின்னழுத்தம் துள்ளி ஈ.எஸ்.சி.யின் கெப்பாசிட்டர்களைச் சேதப்படுத்தும்.

ரேடியோ அமைப்பு முடியும்வரை ப்ரொப்பெல்லரை மாட்டவே கூடாது. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றினால் போதும். ட்ரான்ஸ்மிட்டரை அணைத்ததும் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ரிசீவரின் ஃபெயில்சேஃப் (சைகை அறுந்தால் மோட்டாரை நிறுத்தும்) அமைப்பைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். ஈ.எஸ்.சி.யின் குறைந்த மின்னழுத்த எல்லையை செல்லுக்கு 3.3 வோல்ட்டில், படிப்படியாகக் குறைக்கும் முறையில் வையுங்கள்.

பிறகு ப்ரொப்பெல்லரை மாட்டி, விமானத்தை இறுகக் கட்டி, பின்னால் நின்றுகொண்டு வாட் மீட்டர் வைத்து முழு த்ராட்டில் கொடுங்கள். ப்ரொப்பெல்லரின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. 20 ஆம்பியருக்கு அருகே வந்தால் சரி. 30 தாண்டினால் ப்ரொப்பெல்லரை ஒரு அங்குலம் குறையுங்கள். உடலைப் பறக்கும் நிலைக்கு மட்டமாக உயர்த்தி, ப்ரொப்பெல்லர் முனைக்கும் தரைக்கும் 25 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

11. முதல் பறப்பும் ட்ரிம்மும்

இந்தியாவில் இருப்பவர்கள் கிளம்புமுன் ட்ரோன் விதிகள் 2021 உங்களுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சைப் பகுதியில் (பறக்கத் தனி அனுமதி வேண்டாத பகுதி) இருக்க வேண்டும்.

காற்று அடங்கிய காலை வேளை, மிதப்புச் சோதனைக்கு உயரமான புல். ரட்டர் இரு பக்கமும் 30 மி.மீ., எலிவேட்டர் 12 மி.மீ. அசைந்தால் போதும். சமநிலைப் புள்ளியை மறுபடியும் பாருங்கள். ரேடியோவின் தூரச் சோதனையை மோட்டார் ஓடும்போதும் செய்யுங்கள்.

ட்ரிம்மில் வரிசை மாறக் கூடாது: முதலில் மிதப்பு, பிறகு மோட்டார். மோட்டாரை ஓட்டாமல் ஓடிவந்து மட்டமாகத் தள்ளிவிடுங்கள். மூக்கு தூக்கித் தூக்கி விழுந்தால் எலிவேட்டரில் கொஞ்சம் கீழ். செங்குத்தாக இறங்கினால் கொஞ்சம் மேல். நேராக, நீண்டு மிதக்கும்வரை இதை மட்டும் செய்யுங்கள்.

அதன்பிறகு காற்றை எதிர்த்து, மெதுவாகத் த்ராட்டிலைக் கூட்டித் தரையிலிருந்து எழுப்புங்கள். உயரம் கிடைத்ததும் மோட்டாரைக் குறைத்து மிதப்பைப் பாருங்கள், மறுபடி கூட்டுங்கள். மிதக்கும்போது நன்றாக இருந்து, மோட்டார் கூட்டும்போது மட்டும் மூக்கு தூக்கினால் அது எலிவேட்டரின் குறை அல்ல. கீழிறக்கி, மோட்டார்த் தாங்கிக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் மேல் இரண்டு போல்ட்டிலும் 1 மி.மீ. வாஷர் ஒன்று சேர்த்துப் பாருங்கள். மோட்டார் கூட்டும்போது இடப்பக்கம் போனால் இடது போல்ட்டுகளில் அதேபோல். மூக்கு தூக்குவதை எலிவேட்டர் ட்ரிம்மால் அடக்கினால், மோட்டாரைக் குறைத்ததும் விமானம் மூக்கைக் கவிழ்க்கும்.

தரையிறங்கும்போது தூரத்திலிருந்தே த்ராட்டிலை மூடுங்கள். இந்த இறக்கை நீங்கள் நினைப்பதைவிட வெகுதூரம் மிதக்கும். டைமரை முதலில் ஆறு நிமிடத்தில் வைத்து, இறங்கியதும் பேட்டரியை அளந்து பாருங்கள். நான்கில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்படி நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் லிப்போவைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். முதல் சில பறப்புகளுக்குப் பிறகு ஒருமுறை ஃபயர்வால் ஒட்டிய இடத்தைச் சரிபார்த்து, மோட்டார் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். பிளைவுட் அமுங்குவதால் போல்ட் தளர்ந்திருக்கும்.